அவர் ஒன்பது என்றார்

விழுப்புரம் தனி மாவட்டமாகிக் கொஞ்ச நாள் கழித்து, அங்கே ஒரு இருதய ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்தது. கூட்டுகிற, துடைக்கிற வேலை. எங்கள் வீடு திண்டிவனத்தில். காலையில் பாசஞ்சர் வண்டி பிடிப்பேன். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நின்று நின்று போகும். ஜன்னலோரமாக உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு போவது எனக்குப் பிடித்திருந்தது. யாரிடமும் பேச வேண்டியதில்லை.

பேச்சு எனக்கு எப்போதும் வராது. பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டால்கூட கண்டக்டரிடம் சொல்ல மாட்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடப்பேன். இதை என் வீட்டுக்காரர் கமிட்டியில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். "எங்கூட்டுப் பொம்பளைக்கு வாயைக் குடுக்க மறந்துட்டு ரெண்டு காலைக் கெட்டியா குடுத்துட்டான் ஆண்டவன்" என்பார். கமிட்டி என்று நாங்கள் சொல்வது திண்டிவனத்தில் விவசாயிகள் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் நெல்லும் கொண்டுவந்து போடுகிற மார்க்கெட். அவர் அங்கே மூட்டை தூக்கினார்.

நான் சேர்ந்து சில வருடம் கழித்து ஆஸ்பத்திரிக்கு நடக்கிற மிஷின் வந்தது. காலுக்குக் கீழே ரப்பர் பட்டை ஓடும். அதன்மேல் ஆள் நடக்க வேண்டும். மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை பட்டை வேகமாகும், முன்பக்கம் தூக்கிக்கொண்டு மேடாகும். நெஞ்சில் ஒயர் ஒட்டியிருக்கும். இருதயம் எவ்வளவு தாங்குகிறது என்று அதில் பார்ப்பார்கள். பெண்களுக்கு நெஞ்சில் ஒயர் ஒட்ட ஒரு பெண் ஆள் கூட இருக்க வேண்டும் என்று என்னை அந்த அறைக்குள் எடுத்துக்கொண்டார்கள். மிஷினை ஓட்டுகிற டெக்னீசியன் பெண்ணுக்குக் கண்டமங்கலம். தினமும் பஸ்ஸில் வருவாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். என்னை அக்கா என்பாள், நான் பாப்பா என்பேன்.

அவள்தான் ஒரு நாள், நான் பினாயில் பாட்டிலில் எழுதி ஒட்டிய சீட்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, எழுத்து முத்து முத்தா கீதே, இத்தினி நாளு சொல்லவே இல்ல?" என்றாள். அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு இதில் சொல்ல என்ன இருக்கிறது. அவள் ஒரு வெள்ளை அட்டையும் பட்டையாக எழுதுகிற பேனாவும் கொடுத்து, ஆறிலிருந்து இருபது வரை நம்பர் எழுதச் சொன்னாள். ஏழுக்குப் பக்கத்தில் 'ரொம்ப ரொம்ப லேசு', ஒன்பதுக்கு 'ரொம்ப லேசு', பதினொன்றுக்கு 'லேசு', பதின்மூன்றுக்கு 'கொஞ்சம் சிரமம்', பதினைந்துக்கு 'சிரமம்', பதினேழுக்கு 'ரொம்ப சிரமம்', பத்தொன்பதுக்கு 'தாங்க முடியவில்லை'. ஆஸ்பத்திரியில் அதுவரை இங்கிலீஷ் அட்டைதான் இருந்தது. அதைப் பார்த்து அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

மிஷின் ஓடும்போது இந்த அட்டையை நடப்பவர் கண்ணுக்கு நேராக நான் பிடிக்க வேண்டும். வேகம் கூடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும், "இப்ப எவ்ளோ சிரமமா இருக்கு, ஒரு நம்பர் சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். இந்த ஒரு வரியைக் கேட்கப் பழகவே எனக்கு ஒரு மாதம் ஆனது. முதலில் அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு கேட்டேன்.

எதற்கு இந்த நம்பர் என்று டாக்டர் ஒரு தடவை பாப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தரையைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். எல்லோரையும் கீழே விழும்வரை நடக்கவிட்டுப் பார்க்க முடியாது. பாதியில் நிறுத்திவிட்டு மீதியைக் கணக்குப் போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மேட்டில் ஒன்பது, அடுத்த மேட்டில் பதினொன்று, அதற்கடுத்ததில் பதின்மூன்று என்று ஆள் சொன்னால், கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து, ஸ்கேலால் கோடு இழுத்து, இருபது வரும்போது எந்த மேட்டில் இருப்பார் என்று பார்க்கலாம். அதுதான் அவர் உடம்பின் எல்லை. நாடித்துடிப்பை வைத்தும் இந்தக் கோட்டைப் போடலாம். ஆனால் சில மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடி ஏறாது. மாத்திரை அதைப் பிடித்து வைத்துவிடும். "அவங்களுக்கு நாடி பொய் சொல்லும். வாயைத்தான் நம்பணும்" என்றார் டாக்டர்.

அட்டையைப் பார்த்ததும் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். ரிடையரான ஒருத்தர், "ஆறுலேர்ந்து ஆரம்பிக்குதே, ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் நீங்களே எடுத்துக்கினீங்களா?" என்றார். இரும்பை கிராமத்திலிருந்து வந்த ஒரு அம்மா, "எத்தினி சொன்னா ஜல்தியா வூட்டுக்கு உடுவீங்க? அத்த எழுதிக்கோ" என்றாள். மாமியாரோடு வந்த பெண்கள் எல்லாம் மாமியார் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்லங்க" என்பார்கள். பரவாயில்லைக்கு அட்டையில் நம்பர் இல்லையே. மறுபடி கேட்டால் ஏழு என்பார்கள்.

பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று பழகிப்போயிற்று. அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் மனசுக்குள் ஒரு நம்பர் வைத்துக்கொள்வேன். மூச்சு எந்த இடத்தில் தட்டுகிறது, கைப்பிடியை எப்படிப் பிடிக்கிறார்கள், பேசும்போது வார்த்தை முழுசாக வருகிறதா, உடைந்து வருகிறதா. இதை வைத்து ஒரு நம்பர். உள்ளபடி சொல்கிறவர்கள் சொன்னால் பெரும்பாலும் என் நம்பரை ஒட்டித்தான் வரும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரே ஒரு தடவை சொன்னேன். ஒரு டீச்சரம்மா. எட்டு, எட்டு என்றே சொல்லிக்கொண்டு வந்தார். என் மனசில் பதினாறு. அவர் முகம் வெளுத்துவிட்டது. என்னை அறியாமல், "பாப்பா, அவங்களால முடியல, நிறுத்திடு" என்றேன். பாப்பா நிறுத்தவில்லை. டீச்சரம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "நான்தானே நடக்கறேன், உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் திரும்பாமலே, "நாளைலேர்ந்து ஆயாம்மா என் சீட்ல உக்காரட்டும். நான் அட்டையைப் புடிச்சுக்கிறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், டீச்சரம்மாவும் சிரித்தார். டாக்டர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நல்ல மனுஷர் அவர். ஆனால் எனக்குக் காது இரண்டும் எரிந்தன. பிறகு பாப்பா தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, வாயில இன்னா வருதோ அத்தான் எழுதணும். நாம மூஞ்சியப் பாத்து முடிவு பண்ணக் கூடாது. சொல்லியும் குடுக்கக் கூடாது. அதான் ரூலு" என்றாள். அதோடு சரி. அதற்குப் பிறகு அந்த அறையில் கேட்க வேண்டிய வரியைத் தவிர நான் எதுவும் பேசவில்லை.

இனி என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பேர் மூட்டையைத் தூக்கி மூன்றாவது ஆள் முதுகில் வைப்பார்கள். வைத்துவிட்டு, "எப்படிக் கீது?" என்று கேட்பார்கள். முதுகில் வாங்கியவர், "காத்து" என்று சொல்ல வேண்டும். நெல் மூட்டையாக இருக்கட்டும், மழையில் நனைந்து இரண்டு மடங்கான மூட்டையாக இருக்கட்டும், சொல்ல வேண்டிய வார்த்தை காத்துதான். யாராவது தவறிப்போய் "கனமா கீது" என்றுவிட்டால் மூட்டையை இறக்கிவிடுவார்கள். அன்றைக்கு அவர் பெண்களோடு உட்கார்ந்து சாக்கு தைக்கவும் சிந்தின மல்லாட்டை பொறுக்கவும் வேண்டும். அன்றைக்கு மட்டும் என்றுதான் பேச்சு. ஆனால் ஒரு தடவை போய் உட்கார்ந்தவனை மறுநாளும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். "இன்னா மச்சான், ஊசில நூல் கோத்துட்டியா? கண்ணு தெரியுதா?" என் வீட்டுக்காரரும் அப்படி எத்தனையோ பேரைச் சொல்லியிருக்கிறார். இருபத்தைந்து வருடத்தில் அவர் ஒரு நாள்கூட அந்தப் பக்கம் போய் உட்கார்ந்ததில்லை.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயதில் ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கமிட்டி வாசலில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் டாக்டர்தான் பார்த்தார். சின்ன அட்டாக், நேரத்தோடு வந்துவிட்டீர்கள் என்றார். ஊசி போட்டு, கொஞ்ச நாள் மாடி வார்டில் வைத்திருந்து, மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதில் ஒன்று நாடியைப் பிடித்து வைக்கிற மாத்திரை.

வீட்டில் இரண்டு மாதம் இருந்தார். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தெருமுனை வரை போவார், வருவார். கமிட்டி மேஸ்திரி ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போனார். போகும்போது, "டாக்டராண்ட சீட்டு வாங்கினு வா மாமா. தூக்கலாம்னு எழுதிக் குடுத்தா தூக்கு. இல்லன்னா கொட்டகையில இடம் கீது, நிழல்ல உக்காந்து சாக்கு தை. உன்னிய யாரு வேணான்னு சொல்லப்போறது" என்றார். நல்லபடியாகத்தான் சொன்னார். மேஸ்திரி தெருமுனை திரும்புகிற வரை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சாக்கு தைக்கணுமாம். ரவிக்கையும் தச்சுக் குடுக்கட்டுமா, உனக்கு?" என்றார்.

டாக்டர் மிஷினில் நடக்கவிட்டுப் பார்க்கலாம் என்றார். அது முடிந்துதான் எந்த வேலை செய்யலாம், எது கூடாது என்று சொல்ல முடியும். முதல் நாள் சாயங்காலம் வீட்டில் நான் அவரிடம், "உள்ளது உள்ளபடி சொல்லுங்க" என்றேன். அவர், "நீதான அட்டை புடிப்ப?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். "சரி" என்றார். அந்த சரிக்கு என்ன அர்த்தம் என்று நான் யோசித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை இரண்டு பேரும் ஒன்றாகப் பாசஞ்சரில் போனோம். சட்டையைக் கழற்றிவிட்டு மிஷின்மேல் ஏறி நின்றார். பாப்பா ஒயர் ஒட்டினாள். தோள்பட்டையில் மூட்டை உரசி உரசி மாட்டுத்தோல் மாதிரி காய்த்துப் போயிருந்தது. "அண்ணா, இது மேல பசை ஒட்டவே மாட்டேங்குது" என்றாள் பாப்பா. "சாக்கு கோணி எடுத்துனு வா, அது நல்லா ஒட்டும்" என்றார் அவர். டாக்டர் சிரித்தார். மிஷின் ஓடத் தொடங்கியது.

முதல் மூன்று நிமிஷம் சும்மா நடந்தார். நான் அட்டையைப் பிடித்தேன். அவரிடம் அந்த வரியைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டில் நான் அவரை அப்படியெல்லாம் கேள்வி கேட்டதில்லை. "இப்ப எவ்ளோ சிரமமா இருக்கு, ஒரு நம்பர் சொல்லுங்க."

"காத்து" என்றார்.

"நம்பரா சொல்லுங்கண்ணா" என்றாள் பாப்பா.

"ஏழு."

என் மனசில் பத்து. சரி, அது பரவாயில்லை. மேடு ஏறியது. இரண்டாவது தடவை கேட்டபோது எட்டு என்றார். எனக்குப் பதின்மூன்று. அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. மூச்சு வாங்கினால் அதை அடுத்தவர்களுக்குக் காட்ட மாட்டார். வாயை மூடி ஒரு எச்சிலை விழுங்கிவிட்டு, அந்த இடைவெளியில் மூச்சைச் சரிசெய்துகொண்டு, அப்புறம்தான் பேசுவார். அவரோடு முப்பது வருடம் இருந்தவளுக்கு மட்டும்தான் அது தெரியும். எட்டு என்பதற்கு முன்னால் ஒரு எச்சில் விழுங்கினார்.

மூன்றாவது மேடு. பட்டை வேகமாக ஓடியது. கைப்பிடியைப் பிடிக்காமல் கையை வீசி நடந்தார், கமிட்டியில் லாரிப் பலகைமேல் ஏறுகிற மாதிரி. காது மடல் கறுத்துவிட்டது. வியர்வை நெற்றியிலிருந்து இறங்காமல் மேலுதட்டில் மட்டும் நின்றது. கழுத்து நரம்பு எழுந்து நின்றது. நான் அட்டையைத் தூக்கினேன். அவர் அட்டையைப் பார்க்கவில்லை. அட்டைக்கு மேலே என் முகத்தைப் பார்த்தார். நேராகப் பார்த்தார். அந்த மாதிரி அவர் என்னைப் பார்த்து வருடக்கணக்காகியிருந்தது.

"இப்ப எவ்ளோ சிரமமா இருக்கு, ஒரு நம்பர் சொல்லுங்க."

ஒரு தடவை விழுங்கினார். இன்னொரு தடவை விழுங்கினார். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

என் மனசில் பதினேழு. பதினேழுக்குக் குறையாது. நானே என் கையால் எழுதிய ரொம்ப சிரமம்.

"ஒம்போது" என்றார்.

பாப்பா ஒன்பது என்று எழுதினாள். கம்ப்யூட்டரில் ஈ.சி.ஜி. கோடு பெரிதாக மாறவில்லை என்று டாக்டர் சொன்னார். நாடி நூறைத் தாண்டவில்லை, அது மாத்திரையின் வேலை. "போதும், நிறுத்து" என்றார். பட்டை மெதுவாகி நின்றது. அவர் இறங்கிப் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் துண்டைக் கொடுத்தேன்.

எனக்கும் டாக்டருக்கும் நடுவே நான்கு அடி இருந்திருக்கும். ஒரு வார்த்தை போதும். ஐயா, அவர் பொய் சொல்றார். டீச்சரம்மா ஞாபகம் வந்தது, எல்லோரும் சிரித்தது ஞாபகம் வந்தது, பாப்பா சொன்ன ரூலும் வந்தது. அதோடு, கட்டிய புருஷனை நாலு பேர் எதிரில் பொய்க்காரன் என்று எப்படிச் சொல்வது என்றும் இருந்தது. இத்தனையும் நினைத்து முடிப்பதற்குள் பாப்பா தாளில் மூன்று புள்ளி வைத்துவிட்டாள். ஏழு, எட்டு, ஒன்பது. ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்தாள். கோடு மேலே மேலே போய்த் தாளின் ஓரத்தையே தாண்டிவிட்டது.

"பரவால்லியே அண்ணா, சின்னப் பசங்களுக்குக்கூட இப்படி வராது" என்றாள்.

டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார். "இது ரொம்ப நல்லா இருக்கு. ஆனா எடுத்த எடுப்புல பெரிய மூட்டை வேணாம். மொதல்ல சின்னச் சுமை, மெதுவா ஏத்திக்குங்க. முடியலன்னு தோணுனா உடனே இறக்கிடணும், சரியா?" என்றார்.

"இறக்கிடறேங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

டாக்டர் என்னைப் பார்த்து, "சந்தோஷம்தானே?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் தனியாக ஊருக்குப் போனார். எனக்கு வேலை இருந்தது. சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அவர் படுத்திருந்தார். கால் வலிக்கிறது என்றார். நான் எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

மறு வாரம் கமிட்டிக்குப் போனார். மல்லாட்டை சீசன். சின்னச் சுமை என்று கமிட்டியில் ஒன்று கிடையாது. சாக்கு ஒரே அளவுதான். முதுகில் வைத்து எப்படிக் கீது என்று கேட்பார்கள், அவரும் காத்து என்றுதான் சொல்லியிருப்பார். பதினோரு நாள் தூக்கினார். பன்னிரண்டாம் நாள் லாரிக்குப் போட்டிருந்த பலகையில் பாதி ஏறும்போது மூட்டையோடு சாய்ந்துவிட்டார். மூட்டை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். மேஸ்திரியே காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு விழுப்புரம் வந்தார். நான் அப்போது ஒரு பெண்ணுக்கு ஒயர் ஒட்டிக்கொண்டிருந்தேன். கார் சத்தம் கேட்டது. யாரோ எமர்ஜென்சி என்று நினைத்தேன்.

எங்கள் டாக்டர் முதலுதவி பண்ணிப் பாண்டிச்சேரிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். உயிர் தங்கிவிட்டது. ஆனால் இருதயத்தில் பாதி செத்துவிட்டது என்றார்கள். இனிமேல் அது திரும்பாதாம். மருந்து கொடுத்து இருக்கிறதை இழுத்துப் பிடிக்கலாம், அவ்வளவுதான்.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று டாக்டர் என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் அந்தத் தாள் இருந்தது. மூன்று புள்ளி, ஒரு கோடு. "எனக்கு ஒண்ணும் புரியலம்மா. நாடியும் நம்ப முடியாது, ஈ.சி.ஜி.யும் பெருசா காட்டல. அவர் சொன்னதை வச்சுத்தான் முடிவெடுத்தேன். அன்னைக்கு அவர் நல்லாத்தானே இருந்தாரு? நீ பக்கத்துலதானே இருந்த?" என்றார். அவர் குரலில் அதட்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சொல்வதற்கு அது இரண்டாவது சந்தர்ப்பம். சொல்லியிருந்தால் டாக்டருக்காவது பயன்பட்டிருக்கும், அடுத்து வருகிறவர்களுக்காவது. "நல்லாத்தான் இருந்தாருங்க" என்றேன். அவர் தாளை மடித்து மேஜை டிராயரில் போட்டார்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் ஒன்றேகால் வருடம் இருந்தார். இருந்தார் என்று சொல்லிக்கொள்ளலாம். காலில் நீர் கோத்துக்கொண்டது. குழாயடி வரை நடக்க நடுவில் ஒரு முறை உட்கார வேண்டும். படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் மூன்று தலையணை சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்குவார். கமிட்டி ஆட்கள் முதலில் வந்து போனார்கள், பிறகு நின்றுவிட்டது. வந்தவர்களில், "எப்படிக் கீது மாமா?" என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைத் தவிர வேறு எல்லாவற்றையும் கேட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கேப்பைக் கூழ் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினார். குடிப்பதற்கே மூச்சு வாங்கியது.

"அன்னிக்கு உனக்குத் தெரியும்தான?" என்றார்.

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

"தெரியும்" என்றேன்.

"எத்தினி?"

"பதினேழு."

அவர் தலையை ஆட்டினார். "பதினெட்டு" என்றார். பிறகு விழுங்கி, மூச்சைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். "உன் மூஞ்சியப் பாத்துக்கினே இருந்தேன். சொல்லுவ சொல்லுவன்னு. நான் எப்பிடிமே சொல்றது? இருபத்தஞ்சு வருசம் காத்துன்னு சொல்லிட்டு, ஒரு மிசின் மேல நின்னுக்கினு முடியலன்னா, என் வாயால வருமா? நீ சொல்லியிருந்தா, அது வேற. பொண்டாட்டி போட்டுக் குடுத்துட்டா, டாக்டர் உடமாட்டேன்னுட்டார்னு உன்னியத் திட்டிக்கினே போயி உக்காந்திருப்பேன் சாக்கு தைக்க. ஊரு சிரிச்சா உன்னியப் பாத்து சிரிக்கும். நாம ஏதோ இருந்திருப்போம்."

நான் கூழ்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அட்டையப் புடிக்கப்போறது நீதான்னு தெரிஞ்சுதான் வந்தேன்" என்றார். "வேற யாராச்சும் புடிச்சிருந்தா வந்தே இருக்கமாட்டேன்."

அவர் சொல்வார் என்று நான் இருந்தேன், நான் சொல்வேன் என்று அவர் இருந்தார். நடுவில் பட்டை ஓடிக்கொண்டிருந்தது. அவரிடம் மன்னிப்பு கேட்க வேண்டும் என்று தோன்றியது. அதற்கும் வாய் வரவில்லை. கூழ் ஆறிவிட்டது என்று எழுந்து உள்ளே போனேன். உள்ளே சுட வைத்துக் கொண்டுவந்தபோது கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை, தூங்குகிறமாதிரி இருந்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. இருந்த நாளெல்லாம் என்னிடம் நல்லபடியாகத்தான் இருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் மூன்று தலையணையிலும் சாய்ந்தபடியே போய்விட்டார்.

காரியம் முடிந்து நான் வேலைக்குத்தான் போனேன். வேறெங்கே போவது. பாப்பா கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள், வேறு பெண் வந்தாள். பழைய மிஷினை எடுத்துவிட்டுப் புதுசு வைத்தார்கள். கோடு இழுக்கத் தாளும் ஸ்கேலும் வேண்டாம், கம்ப்யூட்டரே இழுத்துக்கொள்ளும். ஆனால் நம்பரை மட்டும் இன்னும் ஆளைத்தான் கேட்க வேண்டியிருந்தது. என் அட்டை அழுக்காகி, நான் மறுபடி ஒன்று எழுதினேன். மனசுக்குள் நம்பர் வைப்பதை நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. ஆள் ஏறி நின்றதும் அது தானாக வந்துவிடும். எனக்குப் பதினான்கு என்று தெரியும், அவர்கள் எட்டு என்பார்கள், அந்தப் பெண் எட்டு என்று தட்டுவாள். எத்தனை பேர் என்று சொல்ல எனக்குத் தெரியாது. அவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றும் தெரியாது.

நான் வேலையை விட்டது முட்டிவலியால். விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், மரக்காணம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். கடலுக்குப் போகிறவர். தோளும் கையும் பார்க்க வேண்டும், அப்படி இருந்தது. அவரும் நாடியைப் பிடித்து வைக்கிற அதே மாத்திரைதான் சாப்பிடுகிறார் என்று அந்தப் பெண் சொன்னாள். மறுபடி போட்டில் போகலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார். அவர் மனைவியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். மூன்றாவது மேட்டில் நான் கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டே எட்டு என்றார். சிரிப்புக்கு நடுவே மூச்சு இரண்டாக உடைந்தது. எனக்குப் பதினாறு.

டாக்டரிடம் சொல்லத் தைரியம் இல்லை. ஆனால் வெளியே உட்கார்ந்திருப்பவளிடம் சொல்லலாமே என்று நினைத்தேன். அவளும் என்னைப் போல ஒருத்திதானே. தண்ணீர் எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் அவருக்குச் சோறு எடுத்து வந்திருந்தாள்.

"எப்படி நடக்கறாரு ஆயா? நல்லா நடக்கறாரா?" என்றாள்.

அவளிடம் சொல்ல ஒரே ஒரு வார்த்தை வைத்திருந்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா நடக்கறாரும்மா" என்றேன்.

"மகராசியா இருங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது. நான் கையை விடுவித்துக்கொண்டு தண்ணீர் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். டெக்னீசியன் பெண் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டாள்.